ரோக்கும் ஆரோக்கியநாதரும்

கொள்ளைநோய்க் காலத்தில் துணைவேண்டி அழைக்கப்பெறும் கத்தோலிக்கப் புனிதர் ரோக், பிரான்சின் மொம்பெலியே நகரினர், 14ஆம் நூற்றாண்டினர். தமிழில் அவர் ஆரோக்கியநாதர் எனப்படுகிறார். வேளாங்கண்ணியின் ‘ஆரோக்கிய அன்னை’ பொருள்வழி அமைந்த பெயர். ‘ஆரோக்கியநாதர்’ என்பதிலோ ஒலியியைபும் உண்டு. ‘ரோக்’ என்பது தமிழ்ச்செவிக்கு ரோகத்தை நினைவூட்டும். ரோகத்தின் எதிர்மறையினின்று பிறந்த ‘ஆரோக்கியம்’ அவ்வொலியைத் தக்கவைத்தே பொருளை நலமாக்குகிறது.

ஆயினும் இப்பெயராக்கத்தில் குறையொன்றுண்டு. திருச்சபைக் கொள்கைப்படி நலமளிப்பவர் இறைவன். புனிதர் அவரிடம் பரிந்துரைப்பவரே. ‘நாதர்’ என்னும் பின்னுறுப்போ புனிதரையே நலத்தின் தலைவராக்கிவிடுகிறது. மன்றாட்டுமாலையின் ‘வேண்டிக்கொள்ளும்’ என்னும் வினையே அவ்வேறுபாட்டைக் காக்கிறது. ஆகவே, இத்தகைய வேண்டுதல்களைப் பிறமொழிக்குக் கொண்டுசெல்வோர் பெயரினும் வினையிலேயே மிகுந்த கவனம் கொள்ளுதல் வேண்டும். அதனைக் ‘குணமாக்கும்’ எனப் பெயர்ப்பின் பரிந்துரைப்பவர் மறைந்து மருத்துவரே எஞ்சுவார்.