பன்னிரண்டு கட்டங்களின் கணக்கு

ஆங்கிலத்தில் காலம் சொல்லித்தர நம் ஊர் வகுப்புகளில் முதலில் போடுவது ஒரு அட்டவணை. ஒரு பக்கம் பிரசன்ட், பாஸ்ட், ஃப்யூச்சர். இன்னொரு பக்கம் சிம்பிள், கன்டினியுவஸ், பர்ஃபெக்ட், பர்ஃபெக்ட் கன்டினியுவஸ். பெருக்கினால் பன்னிரண்டு. பள்ளியில் பாதி புரிந்தவர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தாலும் அதே அட்டவணைதான்.

இலக்கண அறிஞர்கள் இந்தக் கணக்கை ஏற்பதில்லை. ராண்டால்ஃப் குவர்க் குழுவினரின் 1985 இலக்கணமும் சரி, 2002இல் வந்த கேம்பிரிட்ஜ் இலக்கணமும் சரி, ஆங்கில வினைக்குத் தனி எதிர்கால வடிவம் இல்லை என்றே சொல்கின்றன. வகுப்பறைக்கு இது பெரிய குறையல்ல. பேசக் கற்பவருக்கு ‘வில்’ எந்த வகை என்பதைவிட அதை எங்கே போடுவது என்பதுதான் முக்கியம்.

அட்டவணையோடு வரும் வி ஒன், வி டூ, வி த்ரீ பட்டியலை நான் குறை சொல்ல மாட்டேன். ‘கோ, வென்ட், கான்’ என்பதை எந்த விதியும் தராது, மனப்பாடம்தான் வழி. ‘பாஸ்ட் பார்ட்டிசிபிள்’ என்ற பெயரைவிட வி த்ரீ நேர்மையானதும்கூட. ‘இட் வில் பி ஃபினிஷ்ட் டுமாரோ’ என்பதில் இறந்தகாலம் எங்கே இருக்கிறது?

கோளாறு தமிழ் அர்த்தம் எழுதும்போது தொடங்குகிறது. ‘ஐ ஈட்’ என்றால் ‘நான் சாப்பிடுகிறேன்’ என்று எழுதிப்போடுகிறோம். தமிழில் அந்த ஒரு வடிவமே இப்போது நடப்பதற்கும் வழக்கமாக நடப்பதற்கும், ஏன், ‘நாளைக்கு ஊருக்குப் போகிறேன்’ என்று வரப்போவதற்கும் உதவும். ‘ஐ ஈட்’ பெரும்பாலும் வழக்கத்தை மட்டுமே சொல்லும். தட்டின் முன் உட்கார்ந்திருக்கும்போது போனில் என்ன செய்கிறாய் என்று கேட்டால் பையன் ‘ஐ ஈட்’ என்கிறான். அவன் அட்டவணைக்கு விசுவாசமாகத்தான் இருக்கிறான்.

பார்ட்டிசிபிளின் பாதி வேலை கட்டங்களுக்கு வெளியே நடக்கிறது. பெயர்ச்சொல்லுக்கு முன்னும் ‘ஆம்’, ‘இஸ்’ஸுக்குப் பின்னும் அது பெயரடையாக உட்காரும். அங்கே உணர்வைச் சொல்லும் வினைகளில் ‘இங்’ வந்தால் உணர்வை உண்டாக்குவது. ‘எட்’ வந்தால் அந்த உணர்வுக்கு ஆளாவது. இதைச் சொல்லித்தராததால்தான் நேர்முகத் தேர்வில் ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்’ என்று ஒருவர் தன்னையே சுவாரசியமானவராக அறிவித்துக்கொள்கிறார். அடிக்கடி தேவைப்படும் இதற்கு அட்டவணையில் இடமில்லை. நாவலில்கூட அபூர்வமாகவே எதிர்ப்படும் ஃப்யூச்சர் பர்ஃபெக்ட் கன்டினியுவஸுக்கு ஒரு முழுக் கட்டம்.

தேர்வு இந்த அட்டவணையோடு இன்னொரு குறுக்குவழியைச் சேர்த்தது. ‘எஸ்டர்டே’ கண்டால் வி டூ, ‘சின்ஸ்’, ‘ஃபார்’ கண்டால் ‘ஹேவ்’. மதிப்பெண் வரும், மறுக்கவில்லை. ஆனால் ‘ஐ லிவ்ட் இன் மதுரை ஃபார் டென் இயர்ஸ்’ என்பவர் பெரும்பாலும் மதுரையை விட்டு வந்தவர்; ‘ஐ ஹேவ் லிவ்ட்’ என்பவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். இரண்டிலும் அதே ‘ஃபார்’. கோடிட்ட இடத்தில் எதை நிரப்புவது என்பது அந்த ஆள் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. வினாத்தாளோ அதைச் சொல்வதே இல்லை.