மாயா பஜார்: ஏட்டில் ஒரு மறுபிறப்பு

பழைய மாயாஜால நகைச்சுவைப் படமொன்றைச் சித்திரக்கதை நூலாக மீட்டெடுப்பதாயின், தமிழில் எதனைத் தேர்வோம்? 1957-இல் வெளிவந்த 'மாயா பஜார்' என்போம். அதனைத் தயாரித்த நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947-இலேயே 'அம்புலிமாமா' இதழைத் தொடங்கி, படத்தோடு கதை சொல்லப் பழகியவர்கள் அன்றோ!

ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. கடோத்கசன் வத்சலையின் உருவம் கொள்கிறான். சாவித்திரியின் மெல்லிய மேனியில் ரங்காராவின் முரட்டு மிடுக்கு வெளிப்படுவதே அங்கு நகைச்சுவை. அது அசைவில் பிறப்பது, ஏட்டிலோ அசைவில்லை. தேர்ந்த ஓவியர் இக்குறையை வெல்லலாம். ஒரு கட்டத்தில் நாணிய முகம்; அடுத்ததில் அகல ஊன்றிய பாதம்; இடைப்பட்ட அசைவை வாசகர் மனமே நிரப்பிக்கொள்ளும்.

கடினமானது வேறொன்று. பாண்டவர் நாடிழந்ததும், பலராமர் இல்லத்தார் அபிமன்யுவுக்குத் தந்த வாக்கை விடுத்துத் துரியோதனன் மகனுக்குப் பெண் கொடுக்கத் துணிகின்றனர். மாயங்கள் அனைத்தும் அவ்வாக்கைக் காக்கவே நிகழ்கின்றன. வாய்க்குள் பறந்துசெல்லும் இலட்டுகளை மட்டும் தீட்டி, கைவிடப்பட்ட சுபத்திரையின் கண்ணீரை விட்டுவிடும் நூல், உயிரற்ற பொம்மைக் கடையாகவே முடியும்.

2022-இல் ஃபோர்டு தொழிற்சாலை கார் உற்பத்தியை நிறுத்தக் கண்டது நம் மறைமலை நகர். வருவாய் குன்றினால் உறவும் விலகும் என்பதை இங்கு எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் அரக்கனைக் கண்டு சிரிக்கட்டும். கொடுத்த வாக்கைப் பெற்றோர் எண்ணிப் பார்க்கட்டும். இரண்டும் நிகழ்ந்தாலன்றி அதனை மறுபிறப்பு என்போமா?