குலப்பெயரும் குடிப்பெருமையும்
வால்டர் ஸ்கொட்டின் நாவல்கள் பற்றிய ஒரு நோக்கு

தம் குடும்பப்பெயரின் தோற்றுவாயைத் தேடிப் புறப்படுவோர் பெரும்பாலும் ஏதாவதொரு கோட்டையின் வாயிலிலே சென்று நிற்கின்றனர். குடிசையின் வாயிலில் நிற்பவர் மிகச் சிலர். ஸ்கொட்லாந்துப் பெயர்களைப் பொறுத்தமட்டில் இத்தேட்டம் ஒரு வாணிபமாகவே வளர்ந்துள்ளது. கம்பெல், மக்டொனால்ட், பிரேசர் என்னும் பெயர்களுக்கு உரியனவென்று கூறப்படும் குலச்சின்னங்களும், பெயருக்கொரு வண்ணமாக நெய்த கட்டத்துணிகளும் எடின்பரோ நகரின் கடைவீதிகளில் விற்பனைக்கு வைக்கப்பட்டுள்ளன. கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருவோர் அவற்றை வாங்கித் தாமும் ஒரு பிரபுவின் வழித்தோன்றலே என்ற மனநிறைவோடு ஊர் திரும்புகின்றனர்.

இந்த நம்பிக்கைக்கு உலகறிந்த இலக்கிய வடிவம் தந்தவர் என்று வால்டர் ஸ்கொட்டைக் (1771-1832) குறிப்பிடுவது வழக்கம். அவ்வாறு குறிப்பிடுவோர் ஸ்கொட் என்ற மனிதரையும் ஸ்கொட் என்ற நாவலாசிரியரையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றனர் என்பதே இக்கட்டுரையின் வாதம். மனிதர் தேடியது குருதிப் பெருமையை. நாவலாசிரியர் கண்டதோ நிலமும் வாளும் பிணைத்த உறவை. பால்சாக்கைப் பற்றி 1888 இல் எழுதிய கடிதமொன்றில், எழுத்தாளனுடைய அரசியற் சார்பையும் மீறி யதார்த்தம் வெற்றி பெறலாம் என்று ஏங்கல்ஸ் சுட்டிக்காட்டினார். அக்கூற்று ஸ்கொட்டுக்கும் பொருந்துவதே.

குலப்பெயர் என்பது யாது?

ஸ்கொட்லாந்து மலைப்பிரதேசத்தின் மொழியாகிய கேலிக்கில், குலத்தைக் குறிக்கும் 'கிளான்' என்ற சொல்லின் பொருள் பிள்ளைகள் என்பதாகும். 'மக்' என்றால் மகன். இச்சொற்களை மட்டும் வைத்துப் பார்ப்பின் ஒரு பெயர் தாங்கியோர் அனைவரும் ஒரே மூதாதையின் மக்கள் என்று கொள்ளத் தோன்றும். வரலாறு அவ்வாறு கூறவில்லை. தலைவனது நிலத்தைப் பயிரிட்டவர், அவனது காவலை நாடி வந்தவர், அவன் அழைத்தபோது வாளேந்தியவர் எனப் பலதிறத்தாரும் அவன் பெயரைத் தம் பெயராக ஏற்றனர். ஒரு மூடை மாவைப் பெற்றுக்கொண்டு பெயர் மாற்றியோர் என்று பிரேசர் குலத்தில் ஒரு பிரிவினரைச் சுட்டும் மரபுக்கதையும் உண்டு. கதை எவ்வாறாயினும் அதிற் பொதிந்துள்ள சமூக உண்மை தெளிவானது: பசித்தவனுக்குப் பெயர் ஒரு விலை.

மக்கிரெகர் குலத்தின் வரலாறு இதனினும் தெளிவான சான்றாகும். 1603 இல் அப்பெயரைத் தாங்குவதே மரணதண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. 1661 இல் நீக்கப்பட்ட தடை 1693 இல் மீண்டும் விதிக்கப்பட்டு, இறுதியாக 1774 இலேதான் அகன்றது. இடைக்காலத்தில் அக்குலத்தார் வேறு பெயர்களில் மறைந்து வாழ்ந்தனர். ஸ்கொட்டின் 'ரொப் றோய்' நாவலுக்குப் பெயர் தந்த மக்கிரெகர், தாய்வழிப் பெயரான கம்பெல் என்பதையே வழங்க நேர்ந்தது. தடை நீங்கிய பின்னர் 826 பேர் கையொப்பமிட்டு, கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையில் உயர்நிலை அடைந்த ஜோன் மறே என்பவரைத் தம் தலைவராக ஏற்றனர். குருதியே யாவற்றையும் தீர்மானிப்பதாயின் கையொப்பங்கள் எதற்கு?

ஸ்கொட்லாந்தின் சட்டமும் பெயருக்குச் சின்னம் வழங்குவதில்லை. 1672 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பதிவேட்டிற் காணப்படும் சின்னம் ஒரு தனிமனிதருக்கும் அவருடைய முறையான வாரிசுக்குமே உரியது. கடையில் விற்கப்படும் சின்னம் எவரோ ஒரு தலைவருடையது. அதை வாங்குபவருக்கு அதில் உரிமை எதுவும் இல்லை.

அவ்வாறாயின் தேடுவோர் அனைவரும் கோட்டைக்கே சென்று சேர்வது எங்ஙனம்? காணி உறுதியும் விவாக ஒப்பந்தமும் மரணசாசனமும் உடையவன் ஏட்டில் நிலைத்தான். குத்தகைக் குடியானவனோ திருச்சபையின் பதிவேட்டில் ஒரு வரியாக நின்றான். பலவேளை அதுவும் இல்லை. அரசின் கட்டாயப் பிறப்பு இறப்புப் பதிவு அங்கு 1855 இலேதான் தொடங்கியது. ஆகவே பின்னோக்கிச் செல்லுந்தோறும் ஏழைகள் மறைந்துபோகப் பிரபுக்கள் மட்டும் எஞ்சுகின்றனர். எஞ்சியவனைத் தன் பாட்டன் என்று கொள்வது தேடுபவனுக்கு எளிதாகிவிடுகிறது.

'வேவர்லி' காட்டும் உண்மை

1814 இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த 'வேவர்லி', 1745 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைக் களமாகக் கொண்டது. ஸ்டுவேட் அரச வம்சத்தை மீட்கும் பொருட்டு மலைப்பிரதேசக் குலங்கள் சில எழுந்து, 1746 இல் கலோடன் போர்க்களத்தில் அழிந்த கதை அது. அந்நாவலில் வரும் குலத்தலைவன் பேர்கஸ் மக்ஐவர் எளிதில் மறக்கக்கூடிய பாத்திரம் அன்று. வீரமும் கல்வியும் கவர்ச்சியும் உடையவன். ஆயினும் அவன் தன் நிலம் தாங்கக்கூடிய அளவிலும் மிகுதியாகக் குடிகளைக் குடியேற்றுகிறான் என்பதை ஸ்கொட் மறைக்கவில்லை. அவனுக்கு வேண்டியது விளைச்சல் அன்று, வாளேந்தும் கைகள். அக்கைகளைக் காட்டி அவன் பெற விழைவதோ ஒரு பிரபுப் பட்டம். குலத்தாரின் உயிரே தலைவனின் முதலீடு என்பதை இதனினும் தெளிவாகச் சொல்லல் அரிது.

கார்லைல் நகரில் நிகழும் விசாரணைக் காட்சியே நாவலின் உச்சம் எனலாம். பேர்கஸுக்கு மரணதண்டனை உறுதியாகிவிடுகிறது. அப்போது அவனுடைய குடியானவன் ஈவன் டூ எழுந்து, தலைவனை விட்டுவிட்டால் அவனுக்கு ஈடாகக் குலத்தின் சிறந்த ஆறு பேரைத் தானே அழைத்து வருவதாகவும், முதலில் தன்னையே தூக்கிலிடலாம் என்றும் கூறுகிறான். மன்றத்தில் நகைப்பு எழுகிறது. ஏழையாகிய தன் உயிர் தலைவனின் உயிருக்கு ஈடாகும் என்று எண்ணியதற்காக நகைக்கின்றனர் எனின் அது பொறுக்கத்தக்கது என்றும், தான் சொன்னபடி திரும்பி வரமாட்டான் என்று எண்ணி நகைப்பின் அவர்கள் ஒரு மலைநாட்டானின் உள்ளத்தை அறியாதவர்கள் என்றும் ஈவன் இடித்துரைக்கிறான். மன்னிப்புக் கோரும் வாய்ப்பையும் அவன் மறுத்துவிடுகிறான்.

இக்காட்சியின் பெருமை ஈவனுடையது, பேர்கஸுடையது அன்று. அவனது முழுப்பெயர் ஈவன் டூ மக்கொம்பிச். மக்ஐவர் என்பது அவன் பெயரே அன்று. தலைவனின் பெயரைத் தாங்காத ஒருவனே அக்குலத்தின் அறத்தை முழுமையாகத் தாங்கி நிற்கிறான். ஆசிரியர் இதனை எண்ணிச் செய்தாரோ இல்லையோ, நாவல் அதைச் சொல்லிவிடுகிறது. 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' (1884) என்ற நூலில் ஏங்கல்ஸ் பண்டைக் குலச் சமுதாயத்தை ஆராயுமிடத்து ஸ்கொட்டின் நாவல்களை நினைவுகூர்ந்ததும், பின்னர் லூக்காக்ஸ் தம் 'வரலாற்று நாவல்' என்ற நூலில் அவருக்கு முதலிடம் வழங்கியதும் இக்காரணம் பற்றியே.

ஆயினும் நாவலின் முடிவு நம்மை உறுத்துகிறது. பேர்கஸும் ஈவனும் மாண்ட பின், கதாநாயகன் வேவர்லி மணம்புரிந்து செல்வனாக வாழ்கிறான். அவனும் பேர்கஸும் மலைநாட்டு உடையில் நிற்கும் பெரிய ஓவியமொன்று மாளிகையில் தொங்கவிடப்படுகிறது. குலத்தார் அதில் பின்னணியாக உள்ளனர். உயிருள்ள சமுதாயம் சுவரை அலங்கரிக்கும் சித்திரமாயிற்று. குலச்சின்னத் தட்டு விற்கும் இன்றைய கடைக்கும் அச்சுவருக்கும் இடையே தூரம் அதிகமில்லை.

மூன்று முகில்கள்

ஸ்கொட்டின் தந்தை எடின்பரோ நகரின் வழக்கறிஞர். ஆனால் மகன் தம்மை எல்லைப்புறத்து ஹார்டன் பிரபுக்களின் கிளை என்று எண்ணி மகிழ்ந்தார். 1820 இல் பரோனெற் பட்டம் பெற்றார். தாம் கட்டிய அபொட்ஸ்போர்ட் மாளிகையின் மண்டபக் கூரையில் தம் மூதாதையரின் பதினாறு கேடயங்களை வரைய விழைந்தார். தாய்வழியில் மூன்றுக்குச் சான்று கிடைக்கவில்லை. அம்மூன்றிலும் முகிலை வரைவித்தார். நேர்மையான செயலே, இல்லாத சின்னத்தை அவர் புனையவில்லை. ஆயின் அந்த முகில்களுக்குள் மறைந்திருந்தவர் யாராக இருக்கலாம் என்ற வினா அவரைத் தூண்டியதாகத் தெரியவில்லை.

1822 இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது வரவேற்பை ஒழுங்கு செய்தவரும் அவரே. கலோடனின் பின் சட்டத்தால் தடைசெய்யப்பட்டு 1782 வரை ஒடுக்கப்பட்டிருந்த மலைநாட்டு உடையை, ஒடுக்கிய அரச வம்சத்தின் வாரிசே அணிந்து நின்றார். பெயருக்கொரு கட்டத்துணி என்ற வழக்கு இதன்பின் விரைந்து பரவியது. 1842 இல் இரு சகோதரர் பழஞ்சுவடி என்று வெளியிட்ட 'வெஸ்டியாரியம் ஸ்கோட்டிக்கம்' அதற்குப் 'பழைமை'யும் தேடித் தந்தது. அச்சுவடி போலி என்பது பின்னர் நிறுவப்பட்டது. அதனை முன்னரே ஐயுற்றவர்களில் ஸ்கொட்டும் ஒருவர் என்பதையும் நாம் கூறியாக வேண்டும்.

இவருக்கு முற்பட்ட கவிஞர் றொபேட் பேண்ஸ், ஏழைக் குத்தகை விவசாயியின் மகன். 1787 இல் வைத்தியர் மூருக்கு எழுதிய கடிதத்தில், எடின்பரோவின் சின்னப் பதிவகத்தில் நாட்டின் பெயர்கள் ஏறத்தாழ அனைத்தையும் கண்டதாகவும் தன் குடிக்கு அங்கு இடமில்லை என்றும் நகையாடுகிறார். ஸ்கொட் முகிலை வரைந்த இடத்தில் பேண்ஸ் வாய்விட்டுச் சிரித்தார். அச்சிரிப்பிலேதான் புதிய காலத்தின் குரல் கேட்கிறது.

பெயர் காவாத மக்கள்

'வேவர்லி' வெளிவந்த அதே 1814 இல், ஸ்கொட்லாந்தின் வடகோடியில் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கிலே குடிசைகள் எரிந்தன. சதர்லாந்துச் சீமாட்டியின் நிலத்தை ஆட்டுப் பண்ணைகளாக்குவதற்குக் குடிகள் வெளியேற்றப்பட்டனர். 1814 முதல் 1820 வரை ஏறத்தாழ 3,000 குடும்பங்களைச் சேர்ந்த 15,000 பேர் அகற்றப்பட்டதாக மார்க்ஸ் 'மூலதனம்' நூலிற் குறிப்பிடுகிறார். குலத்தின் பொதுநிலத்தைத் தலைவன் தன் தனிச்சொத்தாக்கிய கதை அது. பிள்ளைகள் என்று அழைக்கப்பட்டவர்களைவிட ஆட்டு மயிர் இலாபம் தந்தது. சீமாட்டியின் பட்டப்பெயராகிய சதர்லாந்து என்பதையே தம் குடும்பப்பெயராகத் தாங்கியிருந்த ஏழைகளையும் அப்பெயர் காக்கவில்லை.

1816 இல் எழுதிய மதிப்புரையொன்றில் ஸ்கொட் மலைப்பிரதேசம் வெறுமையாவதற்கு வருந்தினார். போர் வந்தால் அழைப்புக்கு மறுமொழி கூற ஆளிராது என்பதே அவ்வருத்தத்தின் சாரம். வாளேந்தும் கைகளை எண்ணிய பேர்கஸின் பார்வையிலிருந்து படைத்தவரும் முழுதாக விடுபடவில்லை.

கடல் கடந்த ஸ்கொட்லாந்தியர் பெயர்களையும் கொண்டு சென்றனர். ஜமேக்காவில் இன்று கம்பெல் என்னும் பெயர் மிகப் பெருவழக்கு. கரும்புத் தோட்ட அடிமைகளின் சந்ததியார் அதனைத் தாங்குகின்றனர். அப்பெயரின் ஸ்கொட்லாந்துத் தோற்றத்தைத் தேடும் கறுப்பின மகனொருவன் கண்டடைவது பிரபுவின் மாளிகையை மட்டுமன்று, ஓர் உடைமைக் கணக்கேட்டையுமாகும்.

நம் நாட்டுக்கும் அப்பெயர்கள் வந்தன. 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர் ஸ்கொட்லாந்தியர். அத்தகையோர் வழிவந்த தோட்டப்பெயர்கள் இன்றும் உள்ளன: பூண்டுலோயாவில் டன்சினன், தலவாக்கலையில் ஹோலிரூட், அக்கரப்பத்தனையில் வேவர்லி. ஸ்கொட்டின் நாவற்பெயரைத் தாங்கிய மலையிற் கொழுந்து பறித்தவருக்கோ செக்றோலில் ஒரு பெயரும் ஓர் இலக்கமுமே இருந்தன. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிடம் கேட்டது என்ன? தந்தை இந்நாட்டிற் பிறந்ததற்கு, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததற்குச் சான்று. கனவானுக்குப் பொழுதுபோக்கான வம்சாவளி ஆராய்ச்சி, ஏடற்ற தொழிலாளியின் கழுத்தில் சட்டமாக இறங்கியது. நாடற்றவராக எஞ்சியோருக்கு வழிசெய்யும் சட்டம் 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பெயரின் வரலாற்றை ஆராய்வது வீண் என்று நாம் கூறவில்லை. மாணவர் அதை ஆராயட்டும். ஆனால் 'எந்தப் பிரபுவின் வழியில் வந்தேன்' என்பதோடு நில்லாது, 'எவருடைய நிலத்தில், எவருக்காக உழைத்தவர் இப்பெயரைத் தாங்கினர்' என்றும் கேட்கட்டும். 'வேவர்லி'யைப் பயிற்றும் ஆசிரியரும் மாளிகைச் சுவரிலுள்ள ஓவியத்தோடு பாடத்தை முடித்துவிடாது, கார்லைல் மன்றத்தில் எழுந்து நின்ற ஈவனிடம் மாணவரை மீண்டும் அழைத்துச் செல்ல வேண்டும்.