பச்சிளங்குழந்தையின் இடுப்புப் பரிசோதனை: விட்டுப்போன ஒரு ‘இஃப்’

என் மகள் பிறந்த மறுநாள் டாக்டர் அவளுடைய தொடைகளை மடக்கி, மெல்ல அகட்டிப் பார்த்தார். “இடுப்பு நல்லா இருக்கு” என்றார். எதுக்கு இந்த டெஸ்ட் என்று அப்போது கேட்கத் தோணலை. இப்போதுதான் உட்கார்ந்து படித்தேன்.

சில குழந்தைகளுக்குத் தொடை எலும்பின் பந்து, இடுப்புக் கிண்ணத்தில் சரியாக உட்காராது. ஆரம்பத்திலேயே தெரிந்தால் சில வாரங்கள் பாவ்லிக் ஹார்னஸ் என்ற பட்டையை மாட்டிப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். குழந்தை நடக்க ஆரம்பித்தபின் தெரியவந்தால் ஆபரேஷன் வரை போகும்.

அப்போ எல்லாக் குழந்தைக்கும் அல்ட்ராசவுண்ட் எடுத்துடலாமே? ஆஸ்திரியா 1992 முதல் அதைத்தான் செய்கிறது. ஆனால் கணக்கு அவ்வளவு எளிதல்ல. 1962இல் இங்கிலாந்தின் பார்லோ எழுதிய கட்டுரைப்படி, சுமார் 60 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறக்கும்போது இடுப்பு ஆட்டம் கண்டிருந்தது. அவற்றில் 60% முதல் வாரத்திலேயே, 88% இரண்டு மாதத்துக்குள், சிகிச்சை இல்லாமலே சரியாகிவிட்டன. ஆக, கண்டுபிடித்த எண்ணிக்கையை வைத்து ஒரு ஸ்கிரீனிங்கை மெச்ச முடியாது. பட்டையிலும் ஆபத்து உண்டு. அரிதாக, பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைபடும்.

எண்ண வேண்டியது, தவறவிட்டுத் தாமதமாகத் தெரியவந்த குழந்தைகளை. நார்வேயின் ட்ரொண்ட்ஹைமில் 15,529 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு (2002) அதை எண்ணியது. எல்லோருக்கும் கைப்பரிசோதனை உண்டு. ஒரு பிரிவில் அனைவருக்கும் ஸ்கேன். இன்னொன்றில் ஆபத்துக் காரணம் உள்ளவர்களுக்கு மட்டும். தாமதமாகத் தெரியவந்தவை முதல் பிரிவில் 1, இரண்டாவதில் 5. புள்ளியியல்படி இது உறுதியான வித்தியாசம் இல்லை. எனவே எல்லோருக்கும் ஸ்கேன் தேவையில்லை என்று முடித்தார்கள்.

இங்கேதான் எனக்கு இரண்டு ஆட்சேபணைகள். ஒன்று, பல ஆயிரம் ரிக்வெஸ்டுக்கு ஒருமுறை வரும் பக்கை இந்த அளவு டெஸ்டில் ‘இல்லை’ என்று நான் சைன்-ஆஃப் பண்ண மாட்டேன். ‘வித்தியாசம் நிரூபணமாகவில்லை’ என்பது வேறு, ‘வித்தியாசம் இல்லை’ என்பது வேறு.

இரண்டாவதுதான் முக்கியம். அவர்கள் முடிவில் ஒரு ‘இஃப்’ இருக்கிறது: கைப்பரிசோதனை தரமாக இருந்தால். அந்த நிபந்தனையை கமெண்ட் அவுட் செய்துவிட்டு, ‘ஸ்கேன் வேண்டாம்’ என்ற வரியை மட்டும் எடுத்துக்கொண்டால் அது வேறொரு முடிவு. பழகாத கை, அழுகிற குழந்தை, வரிசையில் அடுத்த குழந்தை, இந்தச் சூழலில் அந்த முடிவு செல்லுமா? ஸ்கேன் மெஷின் வாங்குவதா என்று விவாதிக்கும் முன், கையைப் பழக்குவதற்கு யார் பொறுப்பு என்று கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டில் குழந்தை கால் முன்னால் வந்து பிறந்திருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது இந்தப் பிரச்சினை இருந்திருந்தாலோ, டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தடுப்பூசிக்குப் போகும்போது “இடுப்பையும் ஒருதடவை பாத்துடுங்க” என்று கேளுங்கள். நான் அன்றைக்குக் கேட்கலை.