சிவகங்கைத் திரளும் மரபணுச் சாட்சியமும்

2020 ஆகஸ்ட் 16ஆம் தேதி, மலேசியச் சுகாதாரத் தலைமை இயக்குநராக இருந்த டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ‘சிவகங்கைத் திரள்’ என்று பெயரிடப்பட்ட கொரோனாத் தொற்றில் மூவரிடம் டி614ஜி என்னும் உருமாற்றம் காணப்பட்டதாகவும், அது பத்து மடங்கு வேகமாகத் தொற்றும் என்றும் அதில் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து திரும்பி, வீட்டுத் தனிமையை மீறிய ஒருவரிடம் தொடங்கி 45 பேரைத் தொட்ட திரள் அது. சிலாங்கூரிலுள்ள எங்கள் கலும்பாங் தேநீர்க் கடைகளில் அன்று முதல் இதே பேச்சு: “அந்த வீரியமான கிருமி நம்ம ஊர்லேர்ந்துதான் வந்துச்சாமே?” ஊரோடு உறவு விட்டுப்போகாத குடும்பங்கள் இந்தத் தோட்டப்புறங்களில் இன்னும் உண்டு. அந்தக் கேள்வி அவர்களைக் கூசவைத்தது.

அதே அறிவிப்பில் ஜொகூரின் உலு திராம் திரளும் இருந்தது. பிலிப்பைன்ஸிலிருந்து திரும்பியவர்களோடு தொடர்புடைய அந்தத் திரளிலும் ஒருவரிடம் அதே உருமாற்றம். அதற்குள் டி614ஜி உலகெங்கும் மேலோங்கிவிட்டிருந்தது. பிப்ரவரியிலேயே ஐரோப்பாவில் தென்பட்டது. ஆக, அது ஓர் ஊரின் முத்திரையாக இருக்கவே முடியாது. ‘பத்து மடங்கு’ என்பதும் ஆய்வுக்கூடத்தில், உயிரணுக்களுக்குள் கிருமி நுழையும் திறனை அளந்தபோது கிடைத்த கணக்கு. மனிதரிடையே அது பரவும் வேகத்தை அந்தக் கணக்கு சொல்லாது.

கிருமியின் மரபணு வரிசையைப் படிக்கும் இந்த முறையே பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அதன் அருமையை இதே நாடு கண்டிருக்கிறது. 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டி, கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோயுற்ற பன்றிகளோ பேராக்கிலிருந்து லோரி ஏறி, நம் கலும்பாங் பக்கமாகச் செல்லும் வழியிலேயே நெகிரி செம்பிலானுக்குப் போய்க்கொண்டிருந்தன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். அது ஆஸ்திரேலியாவின் ஹென்ட்ரா கிருமிக்கு உறவு என்று மரபணு காட்டியது. பெயர் நிப்பா. கொசுவின் மீதிருந்த கவனம் பன்றியின் பக்கம் திரும்பியது; சுமார் 11 லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. அதற்குள் 100க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். பின்னர் 2004இல் சசாலி அபுபக்கர் குழுவினர், தம்புன் பன்றி ஒன்றின் கிருமி நெகிரி செம்பிலான் கிருமியிலிருந்து வேறுபடுவதைக் காட்டினார்கள். எல்லாமே லோரியில் தெற்கே போனது என்ற கதை போதாது, கிருமி பன்றிகளுக்குள் ஒருமுறைக்கு மேல் நுழைந்திருக்கலாம் என்று அதன்பிறகுதான் யோசிக்க முடிந்தது.

மரபணு சொல்வது உறவை. யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை அது தானாகச் சொல்லாது. கொரோனாவின் ஏறத்தாழ 30,000 எழுத்துகளில் மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டுதான் மாறும். தொற்றோ ஒரு வாரத்துக்குள் அடுத்தவரிடம் போய்விடும். ஒரே கடையின் முதலாளி, பணியாள், சாப்பிட வந்தவர் மூவரிடமும் எழுத்து மாறாத ஒரே வரிசை இருக்கலாம். அங்கே துப்புக் கொடுப்பது, யார் எந்த நாளில் எங்கே உட்கார்ந்தார் என்று வீடுவீடாகக் கேட்டு எழுதிய சுகாதாரப் பணியாளரின் தாள்தான்.

இதைவிடப் பெரிய குறை மாதிரிகளில் இருக்கிறது. 2020இல் பிரிட்டன் பல்லாயிரம் வரிசைகளைப் படித்தது. பல நாடுகள் சில நூறோடு நின்றன. நிறையப் படித்த இடம் வரைபடத்தில் பரவலின் ஊற்றாகத் தெரியும், படிக்காத இடம் இருந்ததாகவே தெரியாது. சிலாங்கூருக்குள்ளும் இதே ஆபத்து உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகளின் மாதிரிகளை மட்டும் வைத்து மாநிலத்துக்குப் படம் வரைந்தால், கோல குபு பாரு மருத்துவமனைக்குப் போகும் தோட்டத் தொழிலாளியின் கிருமி அதில் இருக்காது. தாமதமாக எடுத்த மாதிரியில் கிருமி குறைவாக இருந்தால் வரிசை சரியாகக் கிடைக்காது; வேலையை விட்டு உடனே வர முடியாதவர் அதிலும் விடுபடுகிறார்.

2021 மே 31இல் உலகச் சுகாதார நிறுவனம் உருமாறிய வகைகளுக்குப் பெயராகக் கிரேக்க எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தது. ‘இந்திய வகை’ டெல்டா ஆனது. நல்ல மாற்றம், ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. இனி ஓர் உருமாற்றத்தை அறிவிக்கும்போது, எத்தனை மாதிரிகள் படிக்கப்பட்டன, எந்தெந்த மாவட்டத்திலிருந்து வந்தன, அதே உருமாற்றம் வேறு எங்கெல்லாம் உள்ளது என்ற மூன்று விவரங்களையும் சுகாதார அமைச்சு முதல் பத்தியிலேயே தர வேண்டும். ஓர் ஊரின் பெயரைச் சொல்ல முடிந்தவர்களுக்கு இதையும் சொல்வது சிரமமல்ல.