பச்சையின் நடுவே ஒரு மக்னீசியம்

திருவள்ளூர் தாண்டி அரக்கோணம் போகும் மின்சார ரயில் கடம்பத்தூரை நெருங்கும்போது, நவரைப் பருவமாக இருந்தால் சன்னலோரம் உட்காருங்கள். நட்டு ஒரு மாதமான வயலின் பச்சையைப் பார்க்காதவர் யார்? அந்தப் பச்சைக்குள் இறங்கினால்தான் நயம் பிடிபடும்.

அந்த நிறத்துக்குக் காரணமான பச்சையத்தில் முதன்மையான வகையின் ஒரு மூலக்கூறில் 137 அணுக்கள். கார்பன் 55, ஹைட்ரஜன் 72, ஆக்சிஜன் 5, நைட்ரஜன் 4. மீதி ஒன்றே ஒன்று, மக்னீசியம். நான்கு நைட்ரஜனும் சுற்றி நின்று அதைப் பிடித்திருக்கின்றன. இதைப் போன்றதொரு வளையத்தின் நடுவே இரும்பு அமர்ந்தால், அது நம் ரத்தச் சிவப்பு. பக்கத்துத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த டி.கே.எம். ரகமோ வேறு எதுவோ, எல்லா நெல்லிலும் இதே கட்டுமானம்தான்.

இந்தப் பச்சையை அளக்க விவசாயிக்கு இலை வண்ண அட்டை உண்டு. முழுதாக விரிந்த மேல் இலையை, காலை வேளையில், தன் உடம்பு நிழலில் வைத்து ஒப்பிட வேண்டும். வெளிறியிருந்தால் யூரியா. அதில் 46 சதவீதம் நைட்ரஜன். பச்சையத்துக்குப் போவது அதில் சிறு பங்கு. பெரும்பங்கு இலையின் புரதங்களுக்கு. இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் நிறத்தைப் பார்த்தே பசியைச் சொல்லிவிடலாம்.

எனக்கு அட்டையைவிடப் பிடித்தது, மஞ்சள் எந்த இலையில் தொடங்குகிறது என்பது. அடியிலை முதலில் பழுத்தால் பெரும்பாலும் நைட்ரஜன் பற்றாக்குறை. பயிர் பழைய இலையிலிருந்து அதை உருவிக் குருத்துக்கு அனுப்பிவிடுகிறது. குருத்தே வெளிறினால் இரும்பைச் சந்தேகிக்கலாம். இரும்பு ஓர் இலையில் தங்கிவிட்டால் லேசில் நகராது. பச்சையத்துக்குள் இரும்பு கிடையாது. ஆனால் இரும்பில்லாமல் பச்சையம் உருவாகாது. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, கட்டடத்தில் தங்காத கொத்தனார்!

'கீரை வேகும்போது மூடாதே' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதிலும் இந்த மக்னீசியம்தான் இருக்கிறது. இலையிலுள்ள அமிலங்களில் கொஞ்சம் ஆவியோடு வெளியேற வேண்டும். மூடினால் அவை பாத்திரத்திலேயே தங்கி, ஹைட்ரஜன் உள்ளே புகுந்து மக்னீசியத்தை வெளியே தள்ளிவிடும். பச்சை போய்ப் பழுப்பு ஏறும். புளிச்சகீரை வெந்ததும் நிறம் மாறுவதும் அதனால்தான். சோடா உப்பு போட்டால் பச்சை நிற்கும். கீரை குழையும், தயமின் வைட்டமினும் அழியும். அதனால் ஓட்டல் கீரைக் கடைசல் கண்ணைப் பறிக்கும் பச்சையில் வந்தால், நான் கூட்டை எடுத்துக்கொள்வேன்.