பேயுருவும் பெண்ணுடலும்

காரைக்காலம்மையாரின் கதையைப் பக்தியின் பெருமைக்குச் சான்றாகவே நமது பண்டிதர்கள் எடுத்துரைத்து வந்துள்ளனர். மாங்கனி வந்த அற்புதத்திலேயே அவர்கள் உள்ளம் நின்றுவிடுகிறது. தன் உடலைப் பற்றி ஒரு பெண் கொள்ளும் எண்ணத்தை ஆண்-பெண் உறவு எவ்வாறு ஆக்கவும் அழிக்கவும் செய்கிறது என்னும் வினாவுக்கு இதனினும் கூரிய கதையொன்றைத் தமிழில் நாம் அறியோம்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடியவாறு கதை இது. மாங்கனி நிகழ்ச்சிக்குப் பின் பரமதத்தன் தன் மனைவி புனிதவதியைத் தெய்வமெனக் கருதி அஞ்சுகிறான், உறவை ஒழிக்கிறான், கப்பலேறி வாணிபம் செய்து, பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணக்கிறான். சுற்றத்தார் புனிதவதியைச் சிவிகையில் ஏற்றி அவனிடம் சேர்ப்பிக்க, புது மனைவியோடும் மகளோடும் அவள் காலில் வீழ்கிறான். வணங்கத்தக்கவள் ஆகிவிட்ட பின் அவள் மனைவியாக இருத்தல் எங்ஙனம்? அவ்வேளையில்தான், கணவன்பொருட்டுத் தாங்கியிருந்த அழகையும் தசையையும் களைந்து பேயுருவைத் தருமாறு அவள் இறைவனை வேண்டுகிறாள்.

அவ்வேண்டுதலில் ஒரு வணிகக் கணக்கு இருக்கிறது. உடல் அவளுடையதன்று, உரியவன் ஏற்க மறுத்த சரக்கு. அவன் விலகியதும் அதை வைத்திருப்பதற்குரிய நியாயமும் போய்விடுகிறது. பெண்ணின் உடலைக் குடும்பச் சொத்தாக எண்ணிய ஒரு சமுதாயத்தின் மனத்தையே சேக்கிழார் இங்கு பேசவைக்கிறார். பேசுபவளைப் பழிக்காமல், அவள் வாய்மொழியாகவே இதைக் கூறியது அவர்தம் கவித்திறம் என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை. மணமகள் தேவையென்னும் விளம்பரத்தில் நிறத்தை விலைகூறும் நம் காலத்திலும், கணவனின் ஒரு சொல்லுக்காகக் கண்ணாடியை வெறுக்கத் தொடங்கும் பெண்கள் நம் அயல்வீடுகளில் இருக்கிறார்கள். ஆண்களும் இதற்குத் தப்பியவரல்லர். அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவே.

ஆனால் சேக்கிழாருக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட அம்மையாரின் சொந்தப் பாடல்களைப் புரட்டினால் வியப்பே எஞ்சுகிறது. அங்கே கணவன் இல்லை, மாங்கனி இல்லை, கைவிடப்பட்ட துயரமும் இல்லை. திருவாலங்காட்டுப் பதிகங்களில் சுடுகாட்டுப் பேய்மகளின் வற்றிய மார்பையும் புடைத்த நரம்பையும் குழிந்த கண்ணையும் கூசாமல் பாடுகிறார். தம்மைக் காரைக்காற்பேய் என்றே கூறிக்கொள்கிறார். சுந்தரரும் பேயார் என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். பேயுருவுக்கு ஒரு கணவனைக் காரணமாக்கியது பின்வந்த மரபே. பெண்ணொருத்தி தானாகவே அழகை உதறினாள் என்பதை அம்மரபால் நம்ப முடியவில்லை போலும்!

நமது நாட்டில் பொலன்னறுவையில் கிடைத்த அம்மையாரின் வெண்கலப் படிமம், மெலிந்த உடலோடு, கையில் தாளமேந்தி அமர்ந்திருக்கிறது. அதை வார்த்த கம்மியனின் கண்ணில் நின்றவள் பாடுகின்ற ஒருத்தியே. உயர்வகுப்புகளில் பெரியபுராணம் படிப்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் அம்மையாரின் பதிகங்களையும் அருகில் வைத்துக்கொள்வார்களாயின், மாங்கனியைப் பற்றிய பரீட்சை வினாக்கள் சற்றுக் குறையக்கூடும்.